அன்றாட ஜப்பானியப் பேச்சை ஹிரகனாவில் எழுதப் பழகுவது எப்படி? – விவாத இழை

எதோகவாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோக்கியோவின் எதோகவா வட்டத்தில், நிஷிகசாய் நிலையத்துக்கு அருகே குடியிருக்கிறோம். மகனை இந்த ஏப்ரலில் ஹொய்குஎன் எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம். அங்கே ரென்ரகுச்சோ என்று ஒரு தொடர்பு ஏடு உண்டு. முந்தைய இரவு குழந்தை எப்போது தூங்கினான், காலையில் என்ன சாப்பிட்டான், உடல் வெப்பம் எவ்வளவு, வீட்டில் எப்படி இருந்தான் என்பதையெல்லாம் நாள்தோறும் அதில் எழுதி அனுப்ப வேண்டும். மாலையில் ஆசிரியை எழுதியனுப்பும் பதிலையும் படித்தாக வேண்டும்.

எனக்கு ஓரளவு பேச வரும். கனா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்து வகைகளான ஹிரகனா, வெளிநாட்டுச் சொற்களுக்கான கட்டகனா இரண்டையும் அட்டவணையைப் பார்க்காமலே எழுதுவேன். ஆனால் வாயில் சரளமாக வரும் வாக்கியத்தைத் தாளில் இறக்க முனையும்போது எந்த எழுத்தைப் போடுவது என்பதில் ஐயம் வந்துவிடுகிறது. கஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்துகள் இல்லாமல் வெறும் ஹிரகனாவில் எழுதினால் ஆசிரியைகளுக்குப் புரியுமா, அது மரியாதைக் குறைவாகப் படுமா என்பதும் தெரியவில்லை. நேற்று எழுதிப் பார்த்த வரிகளை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கீழே தருகிறேன். திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.

யு-உ-பெ நெ-ட்சு-க தெ-ம-ஷி-த. (நேற்றிரவு காய்ச்சல் வந்தது.)
அ-சிறிய ட்சு-த-ம-க இ-சிறிய ட்சு-த-இ-தொ இ-சிறிய ட்சு-தெ இ-ம-ஷி-த. (தலை வலிக்கிறது என்று சொன்னான்.)
அ-ச-கொ-ஹ-ன்-ஒ சு-கொ-ஷி த-பெ-ம-ஷி-த. (காலை உணவு கொஞ்சம் சாப்பிட்டான்.)
கி-சிறிய யொ-ஒ-வ ஹ-ய-கு மு-க-எ-னி இ-கி-ம-சு. (இன்று சீக்கிரம் அழைத்துப் போக வருவேன்.)

சொல்வதெழுது எழுதியது:

வணக்கம், சகோதரி. சென்னையில் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறேன். உங்கள் வரைவில் வாக்கிய அமைப்பு எல்லாமே சரி. திருத்த வேண்டியவை எழுத்துக்கூட்டல் தொடர்பானவை மட்டுமே, அவையும் தமிழர் எல்லோரும் ஐயப்படும் அதே இடங்கள்தான்.

முதலில் இரண்டாவது வரியைப் பார்ப்போம். ‘அதம’ என்றால் தலை, ‘இதஇ’ என்றால் வலிக்கிறது, ‘இத்தெ’ என்பது ‘சொல்’ என்னும் வினையின் எச்ச வடிவம். இம்மூன்றிலும் சிறிய ட்சு போட்டிருக்கிறீர்கள். அது உரியது மூன்றாவது சொல்லுக்கு மட்டுமே. இந்த ஐயத்துக்குக் காரணம் நம் தமிழ் எழுத்து. தமிழில் சொல்லின் நடுவே உயிருக்குப் பின் ஒற்றைத் தகரம் வந்தால் அது மெலிந்து அதிரும் ஒலியாகிவிடும். ‘அது’ என்பதில் வரும் துகரத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘தம்பி’யின் தகரத்தைப் போன்ற அதிராத ஒலி சொல் நடுவே வேண்டுமென்றால் ‘பத்து’ என்பதைப் போல இரட்டித்துத்தான் எழுதுவோம். எனவே ஜப்பானியர் ‘அதம’ என்று அதிராத தகரத்தோடு சொல்வதைக் கேட்டதும் நம் கை தானாக ‘அத்தம’ என்று எழுதிவிடுகிறது. கட்டகனா என்ற பெயரையே நாம் இரட்டித்துத்தான் எழுதுகிறோம், ஜப்பானிய மொழியில் அங்கே இரட்டிப்பு கிடையாது.

ஜப்பானிய மொழியில் இவை தனித்தனிச் செய்திகள். அதிர்வைக் காட்ட எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் இடுவார்கள். அதன் பெயர் தகுதென், பேச்சில் தென்-தென் என்பார்கள். இரட்டிப்பைக் காட்டச் சிறிய ட்சு. இரண்டும் இல்லையென்றால் அதிராத ஒற்றை ஒலி. ‘ஒதொ’ என்பதில் வெறும் தொ இருந்தால் ஓசை என்று பொருள், நடுவே சிறிய ட்சு வந்தால் கணவர். ‘சக’ என்றால் சரிவான பாதை, ‘சக்க’ என்றால் எழுத்தாளர். ‘கத’ என்றால் தோள், ‘கத்த’ என்றால் வாங்கினேன் அல்லது வென்றேன்.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி மாத்திரை எண்ணுவது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானிய மொழியில் குறிலும் நெடிலும் நம்மைப் போலவேதான், ஆனால் சிறிய ட்சுவுக்கும் ‘ன்’ எழுத்துக்கும் அரை அல்ல, முழுதாக ஒரு மாத்திரை உண்டு. ஹைக்கூவில் 5-7-5 என்று எண்ணுவதும் இந்த அளவைத்தான். ‘கிதெ’ இரண்டு தட்டு, வா என்று பொருள். ‘கித்தெ’ மூன்று தட்டு, அஞ்சல்தலை. ‘கீதெ’யும் மூன்று தட்டுதான், கேள் என்று பொருள். மேசையில் விரலால் தட்டியபடி சொல்லிப் பாருங்கள். தட்டுக்கு ஓர் எழுத்து என்று எழுதினால் இரட்டிப்பும் நெடிலும் தவறிப்போகா. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சிறிய ய, யு, யொ மூன்றுக்கும் தனித் தட்டு கிடையாது, முன்னெழுத்தோடு சேர்ந்தே ஒரு தட்டாகும்.

மற்ற மூன்று திருத்தங்கள். ‘இன்று’ என்பதைக் காதுக்குக் கேட்கும்படி ‘கியோ’ என்று நெடிலாக எழுத ஒ போட்டிருக்கிறீர்கள். ஹிரகனாவில் ஓகார நெடிலைப் பெரும்பாலும் உ சேர்த்துத்தான் காட்டுவார்கள், அதனால் கி, சிறிய யொ, உ. அதே வரியில் ‘வ’ என்று ஒலிக்கும் எழுவாய் இடைச்சொல்லை ஹ எழுத்தால் எழுத வேண்டும். மூன்றாவது வரியில் ‘ஒ’ என்று ஒலிக்கும் இரண்டாம் வேற்றுமை உருபுக்கு வொ எழுத்து. இதே வகையில், ‘எ’ என்று ஒலிக்கும் திசைகாட்டும் உருபை ஹெ எழுத்தால் எழுதுவார்கள், ‘ப்யோஇன் எ’ அதாவது மருத்துவமனைக்கு என்னும்போது அது வரும். இந்த மூன்று உருபுகளில்தான் எழுத்தும் ஒலியும் இப்படிப் பிரிந்து நிற்கின்றன.

வெறும் ஹிரகனாவில் எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது. சொற்களுக்கு இடையே இடம் விட்டு எழுதினால் போதும், அதுபற்றித் தனியாக எழுதுகிறேன்.

நாகோயா_நண்பன் எழுதியது:

எனக்குச் சற்று மாறான கருத்து உண்டு. ஐச்சி மாநிலத்தில் தொழிற்சாலைப் பொறியாளராக இருக்கிறேன். இங்கே பெரியவர்கள் யாரும் முழு ஹிரகனாவில் எழுதுவதில்லை. அப்படி எழுதியதை வாசிப்பது அவர்களுக்கே கடினம், ஏனென்றால் ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் கிடையாது, எது சொல் எது உருபு என்று கண்ணுக்குக் காட்டுவதே கஞ்சிதான். ‘னிவ னி வ னிவ னிவதொரி க இரு’ என்று நாப்பழக்க வாக்கியம் ஒன்று உண்டு, தோட்டத்தில் இரண்டு கோழிகள் உள்ளன என்று பொருள். அதை ஹிரகனாவில் இடைவெளியின்றி எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘ஹஷி’ என்றால் பாலமா, உண்ணும் குச்சியா, ஓரமா? ‘கமி’ என்றால் தாளா, முடியா, கடவுளா?

மேலும், இப்போது எல்லோரும் கைப்பேசியில்தான் எழுதுகிறோம். பல காப்பகங்களில் அந்த ஏடே செயலியாக மாறிவிட்டது. ஹிரகனாவில் தட்டினால் கஞ்சி தானே வந்துவிடும்போது, கையால் எழுதிப் பழகும் நேரத்தைக் கஞ்சி கற்பதில் செலவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கோவைக்கிளி எழுதியது:

நானும் இதையே கேட்க நினைத்தேன். ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேர்வில் எந்த நிலையிலும் எழுதிக் காட்டும் பகுதி இல்லை, எல்லாமே கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்து வட்டத்தை நிரப்புவதுதான். அப்படியிருக்க, பேச்சை எழுதிப் பழகுவதால் தேர்வுக்கு ஏதேனும் பயன் உண்டா?

முத்துநகர் எழுதியது:

தேர்வில் எழுத்து இல்லை, வேலையில் உண்டு. சைதாமா மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணி செய்கிறேன். பணி மாறும்போது ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுதச் சொல்வார்கள். ‘வயிறு வலிக்கிறது’ என்றாரா, ‘வயிறு ஒரு மாதிரி இருக்கிறது’ என்றாரா என்பது செவிலியருக்கு முக்கியம். நம் சொற்களில் சுருக்கி எழுதினால் அது காணாமல் போய்விடும். விடைகளில் தேர்ந்தெடுக்கப் பழகிய ஒருவருக்கு அந்த இடத்தில் கை ஓடாது. காதால் கேட்டதை எழுத்துக்கு எழுத்து தாளில் வைக்கும் பயிற்சி தனிப் பயிற்சி என்பதை நான் இந்தப் பணியில்தான் கண்டுகொண்டேன். தேர்வில் கேட்டல் பகுதிக்கும் அது கைகொடுக்கும், கோவைக்கிளி.

சொல்வதெழுது எழுதியது:

நாகோயா நண்பர் சொன்னதில் பாதியை மனமார ஏற்கிறேன். கஞ்சி கட்டாயம் வேண்டும். ஆனால் கைப்பேசி பற்றிய வாதம் எதிர்ப்பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. கைப்பேசிக்குள் நாம் செலுத்துவது ஹிரகனாவைத்தான். ‘இன்று’ என்பதை கி, யொ, ஒ என்று தட்டினால் உரிய கஞ்சி வராது, கி, யொ, உ என்று தட்டினால்தான் வரும். யொ சிறியதாக இல்லாமல் பெரியதாக விழுந்தால் பொருளே மாறிவிடும். பி, சிறிய யொ, உ, இ, ன் என்றால் மருத்துவமனை. பி, பெரிய யொ, உ, இ, ன் என்றால் அழகு நிலையம். ‘குழந்தையை நேற்று அழகு நிலையத்துக்கு அழைத்துப் போனேன்’ என்று காப்பகத்துக்குச் செய்தி போனால், காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய விவரம் அங்கே போய்ச் சேராது. கையால் எழுதுவதோ கைப்பேசியில் தட்டுவதோ, அடித்தளம் ஒன்றே.

நண்பர் காட்டிய கோழி வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘வ’ என்ற ஒலி நான்கு முறை வருகிறது. எழுதும்போது மூன்று இடங்களில் வ எழுத்து, இடைச்சொல்லாக வரும் ஓர் இடத்தில் மட்டும் ஹ எழுத்து. சொல் எங்கே முடிந்தது, உருபு எங்கே வந்தது என்பதை அந்த ஹ காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேட்டபடியே எழுதும் ஒருவர் அந்த இடத்தில் நின்று ‘இது சொல்லின் பகுதியா, உருபா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றாடப் பேச்சை எழுதிப் பழகுவதில் எனக்கு மிகப் பெரிய பயனாகத் தோன்றுவது இதுதான். பேசும்போது இலக்கணத்தை விழுங்கிவிட்டுப் போகலாம், ஹிரகனாவில் எழுதும்போது முடியாது.

இனி இடைவெளி. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களிலும் தொடக்கப்பள்ளி முதல் வகுப்புப் பாடங்களிலும் ஹிரகனாவை இடம் விட்டுத்தான் அச்சிடுகிறார்கள். அதன் பெயர் வகச்சிககி. தமிழருக்கு இது எளிது, ஏனென்றால் நாம் வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டியே எழுதுகிறோம். ‘காய்ச்சலுக்கு’ என்று சேர்த்து எழுதுவது போலவே ‘நெட்சு’வையும் ‘க’ உருபையும் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு முன் இடம் விடுங்கள். ஆங்கில எழுத்தில் ஜப்பானிய மொழியைப் படித்தவர்கள் உருபைத் தனியே பிரித்து எழுதும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள், ஹிரகனாவில் அது கண்ணை உறுத்தும்.

‘எளிய ஜப்பானிய மொழி’, அதாவது ‘யசஷீ னிஹொன்கொ’ என்ற முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1995 ஜனவரியில் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது, அறிவிப்புகளைப் புரிந்துகொள்ள முடியாமல் வெளிநாட்டவர் பலர் திண்டாடியதைக் கண்டு, ஹிரொசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறுகிய வாக்கியங்களும் எளிய சொற்களும் கொண்ட ஒரு நடையை வகுத்தார்கள். கஞ்சிக்கு மேல் சிறிய ஹிரகனா இடுவதும் அதன் பகுதி. இன்று பல நகராட்சிகள் அதைப் பின்பற்றுகின்றன. எனவே சகோதரி, உங்கள் ஹிரகனா வரிகளைப் பார்த்து ஆசிரியைகள் வியப்படையப் போவதில்லை. ‘பதிலை ஹிரகனாவில் எழுத முடியுமா?’ என்று நீங்களும் தயங்காமல் கேட்கலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இடையில் ஒரு கேள்விக்கு விடை விட்டுப்போயிற்று. ஹ என்று எழுதிவிட்டு ஏன் வ என்று படிக்க வேண்டும் என்று பலரும் கேட்பார்கள், காரணம் தெரிந்தால் மறக்காது.

பழங்காலத்தில் அந்த வரிசையின் ஒலி ப போல உதட்டில் பிறந்தது. பின்னர் ஃப போல மெலிந்து, சொல்லின் இடையிலும் கடையிலும் வ ஆகத் தளர்ந்தது. ஒலி மாறியபோதும் எழுத்து மாறவில்லை. ஆறு என்ற பொருள்படும் ‘கவ’வை நெடுங்காலம் ‘கஹ’ என்றுதான் எழுதினார்கள். 1946-இல் ஜப்பானிய அரசு ‘இக்கால கனா எழுத்துமுறை’ என்ற அறிவிக்கையை வெளியிட்டு, ஒலிக்கு ஏற்ப எழுத்துக்கூட்டலைத் திருத்தியது, 1986-இல் அதைச் சீரமைத்தது. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்துகொண்டிருக்கும் வ, எ, ஒ ஆகிய மூன்று உருபுகளின் பழைய உருவத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். ‘கொன்னிச்சிவ’ என்ற வணக்கச் சொல்லின் கடைசி எழுத்து ஹ ஆக இருப்பதற்கும் இதுவே காரணம். அது ‘இன்றைய நாளானது…’ என்று தொடங்கி முடியாமல் நின்ற வாக்கியம், கடைசியில் நிற்பது அந்த இடைச்சொல்தான்.

ஓகார நெடிலில் வரும் விலக்குகளுக்கும் அதே வரலாறுதான். பெரிய என்னும் ‘ஓகீ’, தொலைவான என்னும் ‘தோஇ’, பனிக்கட்டி என்னும் ‘கோரி’ ஆகிய சொற்களில் உ வராமல் ஒ வருவது, பழைய எழுத்துக்கூட்டலில் அங்கே ஹொ இருந்ததால்.

தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. கனா அட்டவணையின் வரிசை அ இ உ எ ஒ, பின்னர் க ச த ந ஹ ம ய ர வ. ஹகரம் பழைய பகரம் என்பதை நினைவில் கொண்டால், இது நம் நெடுங்கணக்கின் க ச த ந ப ம ய ர வ என்ற வரிசையேதான். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களை ஓதக் கற்ற சித்தம் எழுத்து மரபிலிருந்து, இந்திய ஒலியியல் வரிசை ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்ததன் விளைவு இது. கைப்பேசியின் கனா விசைப்பலகையிலும் இதே வரிசைதான். ஒரு விசையை அழுத்தினால் அகரம், இடப்புறம் தள்ளினால் இகரம், மேலே உகரம், வலப்புறம் எகரம், கீழே ஒகரம். அகராதியில் சொல் தேடுவதும் நமக்கு இதனால் மிக விரைவாக வந்துவிடும்.

எதோகவாவாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மாத்திரை எண்ணும் முறை உடனே கைகொடுத்தது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. குழந்தை காலையில் உண்பது பெரும்பாலும் இட்லி, தோசை, சாம்பார் சாதம். இவற்றைக் கட்டகனாவில் எப்படி எழுதுவது? இரண்டாவது, மாலையில் அழைத்துவரப் போகும்போது ஆசிரியை வேகமாகச் சொல்வதை வீட்டுக்கு வந்ததும் எழுதிப் பார்க்க விரும்புகிறேன். அவர் பேசுவது பாடநூலில் உள்ளதுபோல் இல்லை. கேட்டபடி எழுதுவதா, பாடநூல் வடிவத்துக்கு மாற்றி எழுதுவதா?

முத்துநகர் எழுதியது:

உணவுப் பெயர்களுக்கு நான் சொல்கிறேன். இங்குள்ள தென்னிந்திய உணவகங்களில் தோசையைத் தோ என்பதற்குப் பின் நெடில்கோடு இட்டு ‘தோச’ என்று எழுதுகிறார்கள். கட்டகனாவில் நெடிலுக்கு உயிரெழுத்து சேர்ப்பதில்லை, ஒரு கோடுதான். மேலிருந்து கீழாக எழுதும்போது அந்தக் கோடும் செங்குத்தாக நிற்கும். சாம்பாருக்கு ‘சன்பரு’, இட்லிக்கு ‘இதொரீ’ என்றும் ‘இதுரி’ என்றும் இரண்டு வகையாகவும் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய மொழியில் ல, ள, ழ, ர, ற எல்லாம் ஒரே வரிசைக்குள் அடங்கிவிடும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கட்டகனாவில் கவலைப்பட வேண்டியது வடிவத்தைப் பற்றி. ஷி, ட்சு இரண்டும் ஒரே உறவினர்போல் இருக்கும். ஷியில் இரண்டு சிறு கோடுகளும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று, நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சுவில் சிறு கோடுகள் மேல்விளிம்பில் அருகருகே நின்று, நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். ன், சொ இரண்டுக்கும் அதே வேறுபாடுதான், சிறு கோடு ஒன்று மட்டும். சாம்பாரில் ‘ன்’ கோட்டை மேலிருந்து இழுத்துவிட்டால் ‘சசொபரு’ ஆகிவிடும், ஆசிரியைக்கு அது எந்த உணவு என்று தெரியாது. ஒவ்வொரு கோட்டையும் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதில்தான் இந்த நான்கு எழுத்துகளும் வேறுபடுகின்றன. அதனால்தான் திரையில் பார்த்துப் பழகுவதைவிடத் தாளில் எழுதிப் பழகுவது நல்லது என்கிறேன்.

இட்லிக்குப் பக்கத்தில் ‘கொமெ னொ முஷிபன்’ என்று, அதாவது அரிசியில் செய்து ஆவியில் வேகவைத்த ரொட்டி என்று, ஒருமுறை எழுதிவிடுங்கள். பிறகு பெயர் மட்டும் போதும்.

சொல்வதெழுது எழுதியது:

இரண்டாவது கேள்வி இந்த இழையிலேயே நல்ல கேள்வி. இரண்டையும் எழுத வேண்டும், ஆனால் வெவ்வேறு இடத்தில். காப்பக ஏட்டில் ‘தெசு’, ‘மசு’ என்று முடியும் மரியாதை நடை. உங்களுக்கென ஒரு கட்டம்போட்ட குறிப்பேடு வைத்துக்கொண்டு, அதில் கேட்டது கேட்டபடி.

மாலையில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படி இருக்கும். ஆசிரியை: ‘ஒகஎரினசஇ. கியோ வ கென்கி தெஷித யொ. கொஹன் மொ சென்பு தபெமஷித.’ வாங்க, இன்று நன்றாக இருந்தான், சாப்பாடும் முழுவதும் சாப்பிட்டான் என்கிறார். நீங்கள்: ‘சோ தெசு க. யொகத்த தெசு. அரிகதோ கொசஇமசு.’ அப்படியா, நல்லது, நன்றி. இந்தச் சில வாக்கியங்களுக்குள் தொடக்கநிலை எழுத்துக்கூட்டல் முழுவதும் அடங்கிவிட்டது. கியோவில் சிறிய யொவும் உ-நெடிலும், அடுத்து ஹ-வாக எழுதும் வ. ‘கென்கி’யில் முதல் எழுத்துக்குத் தென்-தென் உண்டு, கடைசி எழுத்துக்கு இல்லை. ஆனால் தமிழ் நாக்கு அதை நேர்மாறாக, ‘சங்கு’ என்பதைப் போல, பின்னால் அதிர வைக்கும். ‘கொஹன்’, ‘கொசஇமசு’ இரண்டின் முதல் எழுத்துக்கும், ‘சென்பு’வின் சகரத்துக்கும் புவுக்கும் தென்-தென் உண்டு. ‘சென்பு’ காதுக்கு ‘செம்பு’ என்றே கேட்கும். தமிழில் ங், ஞ், ண், ந், ம் என்று இனவெழுத்தைத் தேடித் தேடி எழுதுகிறோம், ஜப்பானிய மொழியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே ‘ன்’ போதும். ‘யொகத்த’வில் சிறிய ட்சு. ‘சோ’விலும் ‘அரிகதோ’விலும் உ-நெடில். ‘தெசு’வின் கடைசி உகரம் ‘தெஸ்’ என்று விழுங்கப்படும், எழுதும்போது முழுதாக எழுத வேண்டும்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் பேச்சையும் புது வரியில், மூலைக்குறி போன்ற ககிகக்கொ என்ற மேற்கோள் குறியைத் திறந்து தொடங்குங்கள். வாக்கியம் முடிந்தால் சிறு வட்டமாக வரும் முற்றுப்புள்ளி. ‘க’ என்று முடியும் கேள்விக்கும் அதே வட்டம் போதும். ‘தபெரு?’ என்று குரலை உயர்த்தி மட்டும் கேட்கும் நட்புப் பேச்சில் கேள்விக்குறி தேவைப்படும். சிறிய ட்சுவுக்கும் சிறிய யொவுக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். கிடைமட்டமாக எழுதினால் கட்டத்தின் கீழ் இடப்பக்கத்தில், செங்குத்தாக எழுதினால் மேல் வலப்பக்கத்தில் வையுங்கள்.

வேகமான பேச்சில் சொற்கள் சுருங்கும். மூக்கு ஒழுகுகிறது என்பதை ‘ஹனமிசு க தெதெ இமசு’ என்று நீங்கள் படித்திருப்பீர்கள், ஆசிரியை ‘தெதெமசு’ என்பார், நடுவிலிருந்த இ மறைந்துவிடும். ‘தெ வ’ என்பது ‘ஜ’ ஆகும். முடித்துவிட்டான் என்னும் பொருளில் ‘தெ ஷிமத்த’ என்பது ‘ச்சத்த’ ஆகும். இவற்றைத் திருத்தாமல், கேட்டபடி ஹிரகனாவில் எழுதி, அதன் கீழே முழு வடிவத்தை எழுதுங்கள். இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது எந்த எழுத்து விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை அந்தச் சுருக்கம் காதில் பிடிபட்டுவிடும். ‘ஆம்’ என்னும் ‘ஹஇ’, வீட்டில் சொல்லும் ‘உன்’, வியப்பில் இழுக்கும் ‘ஹே’ போன்றவற்றையும் விட்டுவிடாதீர்கள், பேச்சுக்கு உயிர் அவற்றில்தான் இருக்கிறது. சொல்லுதல் என்னும் ‘யூ’ மட்டும் விதிவிலக்கு, எவ்வளவு தெளிவாக யூ என்று கேட்டாலும் இ, உ என்றே எழுத வேண்டும்.

நாகோயா_நண்பன் எழுதியது:

அழகுநிலைய எடுத்துக்காட்டு என் கருத்தை மாற்றிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் குறிப்பேட்டில் கஞ்சியை எப்போது கொண்டுவருவது?

சொல்வதெழுது எழுதியது:

ஜப்பானியப் பள்ளிகளில் முதல் வகுப்பில் ஹிரகனாவைக் கற்றுக்கொண்டே 80 கஞ்சிகளைப் படிக்கிறார்கள், ஆறு ஆண்டுகளில் 1026. நாமும் அந்த வழியிலேயே போகலாம். சுருக்கங்களைப் பிரித்தெழுதும் நிலை வந்ததும், அடிக்கடி எழுதும் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கஞ்சிக்கு மாற்றுங்கள். எதோகவா சகோதரிக்கு மாதம், நாள் ஆகிய இரண்டு எழுத்துகள் முதலில் வரட்டும். தேதி எழுத நாள்தோறும் தேவைப்படும். அடுத்து இன்று, நேற்று, காலை, இரவு, காய்ச்சல். மாற்றிய பிறகும் கஞ்சியின் மேலே ஹிரகனாவைச் சிறிதாக எழுதிக்கொண்டே வாருங்கள், கியோவின் உ அங்கே இருக்கிறதா என்று கை சரிபார்த்துக்கொண்டே இருக்கும்.

எதோகவாவாசி எழுதியது:

திருத்திய வரைவு இதோ. யு-உ-பெ நெ-ட்சு-க தெ-ம-ஷி-த. அ-த-ம-க இ-த-இ-தொ இ-சிறிய ட்சு-தெ-இ-ம-ஷி-த. அ-ச-கொ-ஹ-ன்-வொ சு-கொ-ஷி த-பெ-ம-ஷி-த. கி-சிறிய யொ-உ-ஹ ஹ-ய-கு மு-க-எ-னி இ-கி-ம-சு. காய்ச்சல் அளவையும் ஹிரகனாவில்தான் எழுத வேண்டுமா?

முத்துநகர் எழுதியது:

வேண்டாம், அக்கா. எங்கள் பதிவேட்டிலும் எண்ணில்தான் எழுதுகிறோம். 38.2 என்று குறித்தால் போதும். ஆசிரியை கேட்டால் வாயால் சொல்லும்போது மட்டும் ‘சன்ஜூஹச்சி தொ னி பு’ என்று சொல்லுங்கள். அந்த ‘தொ’வுக்கும் ‘பு’வுக்கும் தென்-தென் உண்டு.